கரிபூவில் தொங்கிய கைப்பிடிகள்

சனிக்கிழமை அஸர் தொழுகை முடிந்த கையோடு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு விமானம் வந்து இறங்கிவிடும். இறக்கை, வால், சக்கரம் எதுவும் இருக்காது. விமானி உட்காருகிற இடம் மட்டும், அதுவும் ஒரே ஒரு புகைப்படமாக, என் கணவரின் கைப்பேசிக்கு வரும். அந்தக் காக்பிட்டைப் பார்த்து அது எந்தக் காலத்து எந்த விமானம் என்று சொல்ல வேண்டும். வேலைவெட்டி இல்லாதவர்கள் கண்டுபிடித்த விளையாட்டு என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் பெயர் ஹைதர். பட்டர்வொர்த் பக்கத்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வானத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் லீவரைப் பிடித்துக்கொண்டு, பெட்டி பெட்டியாகத் தூக்கி இறக்கியே ஆயுசைக் கழித்தார். அப்படிப்பட்டவருக்குக் காக்பிட் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. "ஏறி உக்காந்துட்டா கைக்கு எட்டுற தூரம்தான் நம்ம உலகம் நூரு, மத்ததெல்லாம் கீழ" என்பார். நூர்ஜான் என்ற என் பெயரை முழுசாகச் சொன்னால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

பிறகு கண்ணில் அழுத்தம் என்றார்கள், கிளாக்கோமா என்றார்கள். முதலில் ஓரங்கள் மறைந்தன, அப்புறம் நடுவும் மங்கியது. இப்போது ஜன்னல் பக்கம் வெளிச்சம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். துறைமுகத்தில் மருத்துவ ஓய்வு கொடுத்து, பிரிவு விருந்து வைத்து, ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கையில் கொடுத்தார்கள். கண் தெரியாதவருக்குக் கடிகாரம்! அதை நான் இன்றுவரை பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவில்லை.

கண் போனதைவிட அவரை அதிகம் படுத்தியது ஒரு சொல். தீவில், டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் தினமும் காலையில் கூட்டாளிகளோடு தே தாரிக் குடிப்பார். அங்கே ஒருநாள் யாரோ, "பாவம்லா ஹைதர்" என்று அடுத்த மேசைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். மெதுவாகச் சொன்னால் இவருக்குக் கேட்காது என்று நினைப்பு. கண்தான் போயிருக்கிறது, காதுமா போய்விட்டது? அன்றோடு கடைக்குப் போவதை நிறுத்தினார். கல்யாண வீடு, மௌலூது, பெருநாள் விருந்து எல்லாவற்றுக்கும் நான் தனியாகப் போய், "அவருக்குக் கொஞ்சம் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு வர ஆரம்பித்தேன்.

மிச்சம் இருந்தது அந்தக் காக்பிட் குழு ஒன்றுதான். ஈப்போவில் பல் டாக்டராக இருக்கும் கார்த்திகேசு ஆரம்பித்த வாட்ஸ்அப் குழு அது. கண் நன்றாக இருந்தபோதே இவர் அதில் சேர்ந்துவிட்டார். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. டாக்டர் வாரம் ஒரு படம் போடுவார், மற்றவர்கள் குரலில் பதில் அனுப்ப வேண்டும். சும்மா பெயரைச் சொன்னால் போதாது, ஏன் அந்த விமானம் என்று காரணத்தையும் சொல்ல வேண்டும். காரணம் இல்லாத பதிலை டாக்டர் ஆட்டையில் சேர்க்கமாட்டார். பார்வை போன விஷயத்தை இவர் அங்கே சொல்லவே இல்லை. அந்தக் குழுவில் அவர் இன்னும் பழைய ஹைதர்தான்.

முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மூக்கு திரையில் உரச உரசப் பார்த்தார். ஷா ஆலமில் வேலை பார்க்கும் எங்கள் மகள் இஸ்ஸதி, படத்தைப் பார்த்துப் பேசுகிற ஏதோ ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். அது, "பல பொத்தான்களும் டயல்களும் உள்ள ஒரு விமானத்தின் உட்பகுதி" என்றது. "இது எனக்குத் தெரியாதாக்கும்" என்று அதன்மேல் எரிந்து விழுந்தார். அப்புறம் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தி, "நூரு, நீ கொஞ்சம் பார்த்துச் சொல்றியா?" என்றார்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்துகிறவள். விமானத்தில் உம்ராவுக்குப் போய் வந்தது தவிர எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அன்றைக்கும் பயத்தில் போகும்போது முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அவர் கேட்ட தொனி என்னமோ செய்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்தது சமையலறைதான், அதை வைத்துத்தான் சொன்னேன்.

"ஒரு தடி மேல வளையல் மாட்டி வச்ச மாதிரி இருக்கு மச்சான். வளையல்ல ஒரு பித்தான். இடது பக்கம் சின்னக் கதவு. கதவுல செவப்பா ஒரு கடப்பாறை சொருகியிருக்கு. திருடன் மறந்து வச்சிட்டுப் போன மாதிரி."

அவர் மேசையைத் தட்டினார். "ஸ்பிட்ஃபயர்! மேல் மூடி மாட்டிக்கிச்சுன்னா ஒடச்சிட்டு வெளிய குதிக்கத்தான் அந்தக் கடப்பாறை."

இன்னொரு வாரம், கருவிப் பலகைக்குக் கீழே எண்ணெய் டின்னுக்கு இருப்பதுபோல மூடி போட்ட ஒரு வாய் தெரிகிறது என்றேன். "பீவர்! பறந்துக்கிட்டே எஞ்சினுக்கு எண்ணெ ஊத்தலாம்" என்றார். தாளிக்கிறபோது எண்ணெய் போதாவிட்டால் ஊற்றிக்கொள்கிற மாதிரிதான். அந்த விமானத்தைச் செய்தவர்கள்மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

நான் சொல்வதைக் கேட்கும்போது அவர் கைகள் மேசைமேல் நகரும். இல்லாத லீவரைப் பிடிக்கும், இல்லாத டயலைத் தடவும். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பார்த்த ஒடனே தெரிஞ்சிருச்சு டாக்டர்" என்று குழுவுக்குக் குரல் அனுப்புவார். பார்த்த உடனேயாம்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். வாயை முந்தானையால் மூடிக்கொள்வேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படி ஒரு மேசையில் இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியதில்லை என்று அப்போது தோன்றும்.

அப்புறம் அந்தக் கரிபூ வந்தது.

படத்தில் இரண்டு இருக்கை, இரண்டு ஸ்டியரிங், ஏகப்பட்ட டயல். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"நடுவுல லீவர் இருக்கா?"

"இல்ல மச்சான்."

"தலைக்கு மேல?"

"ஒண்ணும் இல்ல."

அவர் யோசித்தார். நடுவில் இருக்கும் லீவரை இருக்கையின் முதுகு மறைக்கிறது போல என்று முடிவுசெய்து, "டக்கோத்தா" என்று பதில் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் டாக்டரின் குரல் வந்தது.

"ஹைதர் தம்பி, இன்னிக்குச் சறுக்கிட்டீங்களே! இது கரிபூ. லீவரெல்லாம் தலைக்கு மேல தொங்குதே, பாக்கலியா?"

என் கணவரின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. கரிபூ எங்கிருந்தோ வந்த விமானம் இல்லை. பட்டர்வொர்த் விமானத்தளத்துப் பக்கம் வளர்ந்த பையன் அவர், வீட்டுக் கூரைக்கு மேல் அது உறுமிக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் இந்தப் பைத்தியமே பிடித்தது. "ரெக்கார்ட் அமுக்கு, மன்னிப்பு கேட்டுர்றேன்" என்றார். நான் அமுக்கி, விரலை எடுத்தாலும் பதிவாகும்படி பூட்டு போட்டுக் கைப்பேசியை மேசையில் வைத்தேன். ஆனால் அவர் மன்னிப்பு கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நூர்ஜான், மேல ஏதாச்சும் இருக்கான்னு கேட்டேனா இல்லியா?"

"கேட்டீங்க. மேல என்னமோ தொங்குச்சு. பஸ்ல தொங்குமே கைப்பிடி, அந்த மாதிரி."

"அத ஏன் சொல்லல?"

"தெனம் பஸ்ல நின்னுக்கிட்டே வேலைக்குப் போறவ நான். நிக்கிறவங்க பிடிச்சிக்கிறதுக்குன்னு நெனச்சேன். பஸ் கைப்பிடியக்கூடவா சொல்லுவாங்க?"

"ஃப்ளைட்டுல யாருடி நின்னுக்கிட்டு போறா?"

"எனக்கென்ன தெரியும்? வேணும்னா நீங்களே பாத்துக்கங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"கண்ணு தெரிஞ்சா நான் ஏன் உன்னக் கேக்கப்போறேன்? விடு. நாளைக்கே குரூப்ப விட்டு வெளிய வந்துர்றேன். இன்னும் ரெண்டு தடவ இப்படித் தப்பாச் சொன்னா கண்டுபிடிச்சிருவாங்க. அப்புறம் அங்கயும் பாவம்பாங்க. ஒரே ஒரு எடத்துலதான் அந்த வார்த்த இல்லாம இருந்துச்சு."

எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தேன். திரையில் சிவப்புப் புள்ளி இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. அத்தனையும் பதிவாகிக்கொண்டு இருந்திருக்கிறது. பதறிப்போய்க் குப்பைத்தொட்டி படத்தை அமுக்கப் போனவள், அம்புக்குறியை அமுக்கிவிட்டேன். போய்விட்டது. எங்கள் சண்டை முழுசும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இன்னும் எங்கெங்கோவும் போய்விட்டது.

எல்லாருக்கும் அழித்துவிடும் வழியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் ஆகிவிட்டது. அழித்தேன். ஆனால் கேட்டவர்கள் காதிலிருந்து அழிக்க எந்தப் பொத்தானும் இல்லையே. குழுவில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனமே, கேட்டுவிட்டார்கள் என்று சொன்னது.

அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கணமே வெளியேறிவிடுவார். இதுவும் இல்லாமல் போனால் அந்த மனிதருக்கு வெளியுலகம் என்று எதுவும் மிச்சமில்லை. ஒருவேளை யாருமே கேட்காமல் இருந்திருக்கலாம் என்று நானே எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு, "இன்னும் ஒரு வாரம் இருங்க மச்சான், தோத்துட்டு ஓடினாருன்னு சொல்லுவாங்க" என்று கெஞ்சி நிறுத்திவைத்தேன். அந்த வாரம் முழுக்கக் கேண்டீனில் சட்டியும் கரண்டியும் என்னிடம் நன்றாக அடி வாங்கின.

அடுத்த சனிக்கிழமை படத்தோடு டாக்டரின் குரலும் வந்தது.

"இன்னிலேருந்து ஒரு புது ரூல். நம்ம ஆளுங்க சில பேரு ரோட்டுல கெரெத்தா ஓட்டிக்கிட்டே படத்தப் பாக்கறதா கேள்விப்பட்டேன். எங்கயாச்சும் மோதிட்டா யாரு பதில் சொல்றது? அதனால இனிமே படம் போடுறவங்க வாயாலயும் வெளக்கமாச் சொல்லணும். நானே ஆரம்பிக்கிறேன். மேல் வரிசையில இடது ஓரத்துல ஒரு டயல், அதுக்குப் பக்கத்துல கொஞ்சம் கோணலா இன்னொண்ணு..."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு, அந்தச் சொல்லை வாயில் வரவிடாமல், இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். முன்பின் பார்த்திராத அந்தப் பல் டாக்டரின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல இருந்தது. எங்களில் அந்தப் பழக்கம் இல்லை, ஆனாலும் தோன்றியது.

கூடவே இன்னொன்றும் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். இனி நான் எதற்கு என்று வயிற்றுக்குள் ஒரு எரிச்சல். டாக்டர் முறையாக, தொழில் தெரிந்த சொல்லில் சொல்கிறார். கடப்பாறை, வளையல், எண்ணெய் டின் எல்லாம் இனி யாருக்கு வேண்டும்? நான் எழுந்து மிளகாய் கிள்ளப் போனேன்.

"எங்க போற?" என்றார்.

"டாக்டர்தான் சொல்றாரே."

"அவரு பல்லு எண்ணுற மாதிரி சொல்றாரு. ஒண்ணும் மண்டையில ஏறல. நீ வந்து சொல்லு."

வந்தேன். சந்தோஷத்தை முகத்தில் காட்டவில்லை. காட்டினாலும் அவருக்குத் தெரியாது என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறேன். "மேலேருந்து ஆரம்பிக்கிறேன். மேல ஒண்ணும் இல்ல, பஸ் கைப்பிடிகூட இல்ல" என்றேன். அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். நோன்புப் பெருநாள் முடிந்த மாதம் குழுவில் இருந்த அஃபிக் ஒரு செய்தி அனுப்பினான். அக்கரையில் மாக் மண்டினில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கும் தம்பி அவன். பழைய இரும்புக் கடையிலிருந்து ஏதோ ஒரு விமானத்தின் மூக்குப் பகுதியை மட்டும் வாங்கி வந்து, வருஷக்கணக்காகச் சுத்தம்செய்து, முடித்துவிட்டானாம். என்ன விமானம் என்று சொல்லமாட்டானாம். எல்லாரும் பட்டறைக்கு வர வேண்டும், ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும், பிறகு பிரியாணி.

"காய்ச்சல்னு சொல்லிரு" என்றார் என் கணவர்.

அவர் கைகள் மேசைமேல் நகர்ந்துகொண்டிருந்தன. கிரேனைவிட்டு இறங்கிய பிறகு ஒரு நிஜமான லீவரை அந்தக் கைகள் தொடவே இல்லை. நானே போ என்று சொன்னால் பிடிவாதம் பிடிப்பார், தெரியும். விட்டுப் பிடித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டு மட்டும் வைத்தேன்.

மறுநாள் காலையில் அவரே ஒரு திட்டத்தோடு வந்தார். "நூரு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கறேன். சாக்கிட் மாத்தான்னு சொல்லிருவோம். கண்ணு செவந்து போச்சு, வெளிச்சம் ஆகல, தொறக்க முடியலன்னு. நீ பக்கத்துல கையப் பிடிச்சிக்கிட்டா யாருக்கும் சந்தேகம் வராது."

எல்லாருக்கும் எல்லாமும் தெரியும் என்று நெஞ்சுவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "நல்ல ஐடியா மச்சான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தீவிலிருந்து அக்கரைக்கு ஃபெரியில் போனோம். நடுக்கடலில் காற்று மாறியதும் முகத்தைத் துறைமுகம் இருக்கும் வடக்கே திருப்பினார். "எத்தன கிரேன் வேல செய்யுது?" என்று கேட்டார். நான் பார்த்துச் சொன்னேன். என்ன கப்பல், எந்த நிறப் பெட்டி என்று கேட்டார், அதையும் சொன்னேன். "மெதுவா எறக்குறானா?" என்றார். மெதுவாகத்தான் இறக்குகிறான் என்றேன். "அப்போ நல்ல பையன்தான்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கரையிலிருந்து வாடகைக் கார் பிடித்தோம்.

பட்டறை வாசலில் எல்லாரும் நின்றிருந்தார்கள். டாக்டர் கார்த்திகேசு நரைத்த மீசையும் நீட்டிய கையுமாக முன்னால் வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"வணக்கம் டாக்டர். இவருக்கு ரெண்டு நாளா சாக்கிட் மாத்தா. கண்ணத் தொறக்கவே முடியல."

டாக்டர் இரண்டடி பின்னால் போய், "ஐயையோ! அது ஒட்டிக்குமே. தம்பி, நான் கொஞ்சம் தள்ளியே நிக்கிறேன், கோவிச்சிக்காதீங்க" என்றார்.

"சொட்டு மருந்து போடுறீங்களாண்ணே? எனக்கும் போன மாசம் வந்துச்சு" என்றான் அஃபிக். இன்னொருவர், இப்போது ஊரெல்லாம் இதுதான் என்று நீளமாகப் பேச ஆரம்பித்தார். எல்லாரும் அவ்வளவு மெனக்கெட்டு நடித்தார்கள். ஒருவர் தன் கைக்குட்டையால் மூக்கைக்கூட மூடிக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தால் அழுதுவிடுவேன்.

"ஹைதர் அண்ணன்தான் மொதல்ல ஏறணும். கண்ணு எரியறவர ரொம்ப நேரம் காக்க வைக்கக்கூடாது" என்றான் அஃபிக்.

கித்தானை விலக்கினார்கள். பின்பக்கம் வெட்டிய ஒரு விமானத்தின் முகம், லாரிச் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. பின்னால் இரும்பு ஏணி. ஏணி என்றால் அவருக்குக் கண்ணே வேண்டாம். என் கையை விட்டுவிட்டு, முதல் படியைக் காலால் தொட்டுப் பார்த்து, விறுவிறுவென்று ஏறிவிட்டார். நான் பின்னாலேயே ஏறி, இரண்டு இருக்கைகளுக்கும் பின்னால் நின்றேன். மற்றவர்கள் கீழே முன்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள்.

இடது இருக்கையில் உட்கார்ந்தார். கால்கள் மிதிகளைத் தேடிக் கண்டுபிடித்தன. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்தன, கொஞ்சம் இழுத்துப் பார்த்தன, விட்டன. விரல்கள் ஒவ்வொரு டயலின் விளிம்பையும் தடவிக்கொண்டு போயின. அவசரமே இல்லை. அந்தக் கைகளை நான் எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், இவ்வளவு நிம்மதியாக அவை இருந்து பார்த்ததில்லை.

வலது கை நடுவுக்கு வந்தது. அங்கே லீவர் இல்லை. கை அப்படியே நின்றது.

நான் மேலே பார்த்தேன். கூரையிலிருந்து இரண்டிரண்டாக அவை தொங்கிக்கொண்டிருந்தன. சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. இந்த ஒரு தடவை சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். பிறகு கையைத் தூக்கினார். விரல்கள் முதல் பிடியில் பட்டன, அடுத்ததில் பட்டன, எல்லாவற்றையும் ஒரு சுற்றுத் தடவின. முகம் மலர்ந்துவிட்டது. தன்னை மறந்து, பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"நூரு! பஸ் கைப்பிடி!"

கீழே அஃபிக் குபீரென்று சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு. பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். உடனே இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தச் சண்டையைக் கேட்டவர்களுக்கு மட்டுமே அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியும். எல்லாம் முடிந்தது, இனி இந்த மனிதர் வீட்டைவிட்டு எங்கும் வரமாட்டார் என்று நினைத்தேன்.

என் கணவர் மெதுவாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கரிபூ" என்றார். "காரணம், எங்க வீட்டம்மா சொன்ன பஸ் கைப்பிடி தலைக்கு மேல தொங்குது. போன தடவ தப்பாச் சொன்னதுக்கு இப்ப கணக்குச் சரியாப் போச்சா டாக்டர்?"

"சரியாப் போச்சு தம்பி" என்ற டாக்டரின் குரல் கீழேயிருந்து வந்தது.

"நூரு, அந்தப் பக்க ஸீட்ல வந்து உக்காரு."

இடித்துப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். "மச்சான், அவங்களுக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பல் டாக்டருக்குத் திடீர்னு கெரெத்தா ஓட்டுறவங்க மேல பாசம் வந்தா நான் நம்பிருவேனா? என் வாட்ஸ்அப் இஸ்ஸதி கம்ப்யூட்டர்லயும் தெரியும்ல, மறுநாளே குரூப்ல என் பேர்ல என்ன போயிருக்குன்னு அவளப் பாக்கச் சொன்னேன். நம்ம சண்ட போட்ட நேரத்துல ஏதோ ஒண்ண அனுப்பி அழிச்சிருக்குன்னா. மீதிய நானே கணக்குப் போட்டுக்கிட்டேன்."

"அப்புறம் எதுக்கு இந்தச் சாக்கிட் மாத்தா நாடகம்?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு அத்தன பேரும் நடிக்கிறாங்க. நீ அவங்களுக்கு மேல நடிக்கிற. நான் எப்படிக் கெடுக்கறது?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஒருத்தர்கூட அந்த வார்த்தயச் சொல்லல நூரு. தெரிஞ்சும் சொல்லல."

என் கையைப் பிடித்து மேலே தூக்கி, ஒரு லீவரில் வைத்தார். நான் படத்தில் பார்த்ததைவிட அது பெரிதாக, கனமாக, கைக்கு அடக்கமாக இருந்தது. அவர் கை என் கைமேல் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அதை முன்னால் தள்ளினோம். எஞ்சின் இல்லாத விமானம், எங்கேயும் போகவில்லை. எனக்கு மட்டும் அடிவயிற்றில் தூக்கிப் போட்டது, உம்ராவுக்குக் கிளம்பிய அன்று போலவே. ஆனால் இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை.

"முன்னால என்ன தெரியுது, சொல்லு" என்றார்.

"கண்ணாடிக்கு வெளிய லாரி ஒண்ணு நிக்குது, பாதி பெயின்ட் அடிச்சிருக்கு. அஃபிக் தம்பி இன்னும் வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறான். பிரியாணிச் சட்டி வந்துருச்சு."

"டாக்டர்?"

பார்த்தேன். நரைத்த மீசைக்காரர் தூணோரமாக ஒதுங்கி, கைக்குட்டையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டருக்குக் கண்ணு ரெண்டும் செவந்துபோயிருக்கு மச்சான். தண்ணியா ஊத்துது."

என் கணவர் லீவரை விடாமலே சிரித்தார்.

"அப்பவே சொன்னாருல்ல, ஒட்டிக்கும்னு."